முன்பாதி, பின்பாதி

எங்கள் வீட்டு ஷெட்டில் நின்ற ஜீப் என் பெயரில் இருந்தது. ஆனால் ரேடியேட்டரிலிருந்து டிரைவர் சீட்டின் முதுகுவரை பெரிய அண்ணனுடையது. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் சின்ன அண்ணனுடையது. எல்லைக்கோட்டை அண்ணி சாக்பீஸால் போட்டுக் கொடுத்தார். வேறு யார் போட்டிருந்தாலும் அரை அங்குலத்துக்குப் பஞ்சாயத்து வந்திருக்கும்.

ஜீப் எங்கள் மூவரையும்விட வயதில் மூத்தது. மூடிக்கிடந்த ஒரு கல்குவாரியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும் என்று காவலாளி சொன்னார். எனக்கு அது தேவைப்பட்டது. நான் கால்நடை மருத்துவர். படித்து முடித்த நாளிலிருந்து ஒரு கிளினிக்கில் பூனைகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மலைமேல் ஓர் ஆட்டுப்பண்ணையில் டாக்டர் வேலை காலியானது. நான் உலகத்திலேயே அந்த ஒரு வேலையைத்தான் விரும்பினேன். பண்ணை மேனேஜர் ஃபோனில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"போன டாக்டர் நல்லா படிச்சவர்தாம்மா. மழை விழுந்ததும் கீழயே நின்னுட்டார். மழை ஆரம்பிச்சு முதல் திங்கக்கிழமை உங்க வண்டியில மேல வந்து நில்லுங்க, வேலை உங்களுக்கு. வரலைன்னா வேற ஆளப் பார்த்துக்கறேன்."

பண்ணைக்கு முந்தைய ஏற்றம் முழுக்கக் கல்லும் சேறும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் ஏற முடியும்.

அண்ணன்கள் இருவரும் மழைக்கு முன் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஒன்றாக அல்ல, தனித்தனியாக. முதல் வாரத்தில் சின்ன அண்ணன் தரைத்தகட்டில் வைத்த வெல்டிங்கைப் பார்த்து, புறா எச்சம் போட்டது போல இருக்கிறது என்று பெரிய அண்ணன் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. சாக்பீஸ் கோடு அதற்குப் பிறகு வந்தது.

பெரிய அண்ணன் ஒரு லேபில் பல்செட் செய்கிறவர். வண்டி எப்படிப் பிறந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கிரில் கம்பிகளை ஒவ்வொன்றாக நேராக்கி, இடைவெளி பார்த்து, தேய்த்தார். கடைசியில் ஜீப்புக்கு யாரிடமும் தயங்காமல் காட்டக்கூடிய ஒரு வாய் அமைந்தது. நசுங்கிக் கிடந்த முன் மட்கார்டுகளைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்பார். அண்ணி மறுபடி கூப்பிட மாட்டார். தட்டை மட்கார்டின் மேல் வைத்துவிடுவேன் என்பார். உடனே வந்துவிடுவார்.

சின்ன அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் இருந்த உயரத்தில் விட்டுவைக்க அவரால் முடியாது. பின்பக்கம் கனமான ஸ்பிரிங், அதற்கு மேல் இரும்புக்கட்டை, கீழே டிராக்டருக்கு மாமன் முறை ஆகிற அளவில் இரண்டு டயர். நான்கு வாங்கியிருந்தார். மீதி இரண்டு சுவரில் சாய்ந்து நின்றன, கோட்டுக்கு அந்தப் பக்கம் போக அனுமதி இல்லாததால்.

கியர்பாக்ஸ் நடுவில் இருந்தது. அது யாருடையது என்று முடிவாகாததால் வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்தோம்.

செய்திகள் என் வழியாகப் போயின.

"உன் அண்ணன்கிட்ட சொல்லு, என் ஸ்பேனரை எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும்னு" என்பார் சின்னவர்.

"நான் எடுக்கலைன்னு உன் அண்ணன்கிட்ட சொல்லு" என்பார் பெரியவர்.

"ரெண்டு பேரும் எனக்கு அண்ணன்தான். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை?" என்றேன்.

"வாடகைக்கு இருக்கறவங்க" என்றார் அண்ணி, ஜன்னலுக்கு உள்ளே இருந்து.

மழை பிடித்த முதல் சனிக்கிழமை ஒத்திகை பார்க்கப் போனோம். பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் தணிந்து, தரையில் விழுந்த சில்லறையைத் தேடுகிற ஆள் மாதிரி நின்றது ஜீப். ஆனால் சாலையில் நன்றாகவே ஓடியது. சாலையில் பின்சக்கரங்கள் மட்டும் இழுத்தால் போதும். முன்சக்கரங்கள் பேசாமல் உருண்டு வரும்.

ஏற்றத்தின் அடியில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கான லிவரைப் போட்டேன். ஜீப் நாலடி போனது. எங்கோ அடியில் ஒரு முனகல். வண்டி உடம்பை முறுக்கியது, குலுங்கியது, எஞ்சின் நின்றது. லிவரை வெளியே எடுக்கப் பார்த்தேன், வரவில்லை.

"கொஞ்சம் பின்னாடி எடு, விட்டுடும்" என்றார் பெரிய அண்ணன். எடுத்தேன், விட்டது. மறுபடி போட்டேன், மறுபடி முனகியது.

நாங்கள் இறங்கிப் பார்த்தோம். பார்க்க அதிக நேரம் தேவைப்படவில்லை. லிவரைப் போட்டதும் முன்னும் பின்னும் ஒரே கணக்கில் சுற்றியாக வேண்டும். பின்னால் இருக்கிற பெரிய டயர் ஒரு சுற்றில் போகிற தூரத்தை முன்னால் இருக்கிற சின்ன டயர் போகாது. ஆகவே பின்பாதி முன்பாதியைத் தள்ளியது, முன்பாதி பின்பாதியைப் பிடித்து இழுத்தது. ஆறு மாதமாக ஷெட்டில் நடந்ததைத்தான் அதுவும் செய்துகொண்டிருந்தது.

"பின்னாடி டயரைக் கழட்டச் சொல்லு உன் அண்ணனை" என்றார் பெரியவர், சின்னவருக்குப் பக்கத்தில் நின்றபடி.

"முன்னாடி அச்சு எங்க தட்டுதுன்னு பார்க்கச் சொல்லு உன் அண்ணனை."

பார்த்தோம். முன் அச்சின் நடுவே புடைத்திருக்கும் குடம் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தது. பெரிய டயர் போட்ட பின்பக்கத்துக்கு அடியில் ஒரு ஆடு படுத்துறங்க இடம் இருந்தது. மேலே இன்னும் பெரிய பாறைகள் தெரிந்தன. சின்ன டயர் நான்கு போட்டாலும் இங்கே ஏறாது. பெரியது நான்கு போட்டால் ஏறும். ஆனால் பெரியது முன்னால் நுழைய வேண்டுமென்றால் மட்கார்டை வெட்ட வேண்டும்.

வீடு திரும்பும்வரை வைப்பர் மட்டும்தான் பேசியது.

இரவுச் சாப்பாட்டின்போது கிளினிக்கிலிருந்து ஃபோன் வந்தது. திங்கட்கிழமை வருவேனா, ஒரு பாரசீகப் பூனைக்கு நகம் வளர்ந்துவிட்டதாம். அப்புறம் சொல்கிறேன் என்றேன். பெரிய அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தப் பூனை கடிக்குமா?" என்றார்.

"கடிக்கும்ணா."

ஞாயிறு காலை எழுந்து வந்தபோது பெரிய அண்ணன் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் ஜாக்கியில் நின்றது. சுவரில் சாய்ந்திருந்த டயர்களில் ஒன்றை மாட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, மட்கார்டில் உரசுகிற இடத்தைப் பல் லேபின் மெல்லிய பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். பெயின்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோட்டை நேராக்க ஒருமுறை அழித்து மறுபடி வரைந்தார்.

சின்ன அண்ணன் காபி டம்ளரோடு வந்து நின்றார். நான் நடுவில் நின்றேன், வழக்கமாகச் செய்தி ஏந்துகிற இடத்தில்.

"நாலு விரல் போதுமா?" என்றார் பெரியவர். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

சின்னவர் டம்ளரை என் கையில் கொடுத்தார். குனிந்து பார்த்தார்.

"அஞ்சு. சேறு ஒட்டும்ல."

பெரியவர் கோட்டை ஒரு விரல் மேலே ஏற்றினார். சின்னவர் கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்களே வெட்டுங்க. நான் வெட்டினா எதாவது பறவை பேரைச் சொல்வீங்க."

"வெட்டறதுல ஒண்ணும் வராது. வெட்டின ஓரத்தை மடிச்சு ஒட்டணும், அதுலதான் வரும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதை நீ ஒட்டு."

வெட்டும்போது அவர் முகம் அசையவில்லை. தகடு கீழே விழுந்ததும் எடுத்து, ஓரம் யார் கையையும் கிழிக்காதபடி ராவி, சுவரோரம் வைத்தார். மறுபக்கத்து மட்கார்டையும் வெட்டினார். மத்தியானம்வரை சின்னவர் வெல்டிங் வைத்தார். பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்தார். நான்கு முறை வாயைத் திறந்தார், நான்கு முறையும் மூடினார். அண்ணி அவருக்கு இரண்டாவது காபி கொடுத்தார். அது வீட்டில் சாதாரணமாக நடக்காது.

திங்கட்கிழமை தனியாகப் போனேன். இருவரும் வருகிறோம் என்றார்கள். பாரம் கூடும் என்று சொல்லித் தப்பித்தேன். ஏற்றத்தின் அடியில் லிவரைப் போட்டேன். முனகல் இல்லை. ஜீப் பாறையைப் பார்த்தது, ஏறியது. சேற்றில் ஓரிடத்தில் பக்கவாட்டில் வழுக்கி ஒரு மரத்தை நோக்கிப் போனது. நான் ஏதோ கத்தினேன், யார் பெயர் என்று நினைவில்லை. பிறகு அது தானாக மனம் மாறி மேலே ஏறியது.

மேனேஜர் கேட்டருகே குடையோடு நின்றிருந்தார். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"டிரைவரா? டாக்டரம்மா எங்க?"

"நான்தான்."

"சரி. ஒரு ஆடு காலையிலேர்ந்து குட்டி போட முடியாம தவிக்குது. கோட்டு எல்லாம் அப்புறம் மாட்டிக்கலாம்."

ஜீப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் நான் கொட்டகைத் தரையில் முட்டிபோட்டு, கையை முழங்கைவரை ஆட்டுக்குள் விட்டு, மடங்கிக் கிடந்த ஒரு குட்டியின் காலைத் தேடிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். என் பையில் ஃபோன் அடித்தது. மேனேஜரை எடுக்கச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"ரெண்டு ஆம்பளைங்க. ஒரே நேரத்துல பேசறாங்க. மேல வந்துட்டீங்களான்னு கேட்கறாங்க போல."

"வந்துட்டேன்னு சொல்லுங்க."

சொன்னார். மறுபடி கேட்டார்.

"ஏத்தத்துல எது இழுத்துச்சாம்? முன்னாடியா, பின்னாடியாங்கறாங்க."

குட்டியின் கால் கையில் அகப்பட்டது. மெல்லத் திருப்பினேன்.

"நாலும்னு சொல்லுங்க."

சொன்னார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ப மாட்டேங்கறாங்கம்மா" என்றார்.