இடப்பக்கத்து நட்

என் கணவர் யாகோப்பு இறந்து எட்டு மாதத்துக்குப் பிறகு, கத்தி தீட்டும் கிறைண்டரின் இடப்பக்கத் தண்டில், நட் ஏறும் புரி தேய்ந்து நட் வழுகத் தொடங்கியது. குருநகர்ச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்களின் கத்திகளை அவர் அதில்தான் தீட்டிக் கொடுத்தார். அவருக்குப் பிறகு நானும் மகள் நிரோஜினியும் தீட்டினோம். நட் கழன்றால் சுழலும் தீட்டுகல் பறக்கும். அதற்கு நேர் முன்னால் இருப்பது எங்கள் முகம்தான்.

யாழ்ப்பாணத்தில் குகதாசன் என்பவரின் லேத் கடைக்கு அதை ஓட்டோவில் கொண்டு போனேன். மெசின் பாரம் என்று கணவரின் தம்பி கொலின்ஸும் கூட வந்தார். அவர் தையற்காரர்.

"அண்ணை, தேய்ஞ்ச இடத்தை வெல்டிங்கிலை நிரப்பிப் புதுப் புரி வெட்டவேணும். இந்தப் பக்கம் இடம்புரி, இடப்பக்கமாச் சுத்தினால்தான் இறுகும். இந்தப் புது நட்டுக்கு அளவா வெட்டுங்கோ," என்றேன்.

குகதாசன் கொலின்ஸைப் பார்த்தார். "எப்ப வேணும் தம்பி?"

"சனிக்கிழமை," என்றேன் நான்.

"சரி தம்பி, சனி பின்னேரம் வாங்கோ."

சனிக்கிழமை கொலின்ஸோடு போனபோது மெசின் ஆயத்தமாக இருந்தது. இடப்பக்க நட்டை விரலால் சுற்றிப் பார்த்தேன். மணிக்கூட்டு முள் போகிற பக்கமாகவே இறுகியது. நான் கொடுத்த நட் மேசை மூலையில் எண்ணெய் படிந்து கிடந்தது.

"அண்ணை, இது வலம்புரி."

"தம்பி, அவவிட்டைச் சொல்லுங்கோ, அவ தந்த நட் பழுது. ஏறேல்லை. நான் வேறை போட்டிருக்கிறன்."

"இடம்புரி நட் வலம்புரியிலை எப்பிடி ஏறும்?"

குகதாசன் சிரித்தார். "வலம்புரிச் சங்கு கிடைச்சால் பெட்டிக்குள்ளை வைச்சுக் கும்பிடுவினம். இவ வேண்டாம் எண்டுறா!"

வேலைக்காரர் சிரித்தார்கள். கொலின்ஸும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பத்தொன்பது வருடம் அந்த மெசினில் கல் மாற்றியவள் நான். கல் எங்கள் பக்கமாகக் கீழ்நோக்கிச் சுழலும். இடப்பக்கத்தில் வலம்புரி இருந்தால் அந்தச் சுழற்சியே நட்டைக் கழற்றிவிடும். மெசின் செய்தவன் விசரனா, ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றிப் புரி வெட்ட?

"கல்லைப் பூட்டி உங்கடை கையாலை இறுக்குங்கோ. பிறகு நேர முன்னுக்கு நிண்டு ஒரு கத்தி தீட்டிக் காட்டுங்கோ. நான் வாய் திறக்காமல் கொண்டு போறன்."

"எனக்கென்ன பயமே?" என்று கல்லைப் பூட்டினார். நட்டை ஸ்பானர் சாவியால் இறுக்கினார். பிறகு பக்கவாட்டில் ஒதுங்கி நின்று சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"ஏன் ஒதுங்கிறியள்? என்ரை பிள்ளை நிக்கிற இடத்திலை நில்லுங்கோ."

கை அப்படியே நின்றது. அவர் சுவிட்சைப் போடவில்லை. கல்லைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் நட்டை மட்டும் கையால் இறுக்கிச் சுவிட்சைப் போட்டார். போட்டதும் நட் கழன்று தெறித்து லேத்துக்குக் கீழே ஓடியது.

"கையாலை இறுக்கினபடியாலைதான்," என்றார் கொலின்ஸ். குகதாசனே அதற்கு ஓம் சொல்லவில்லை.

"திருப்பி வெட்டி முடியுமட்டும் நான் எழும்பமாட்டன்," என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தேன். அவர் மெசினைப் பிரித்து, மறுபடி வெல்டிங் வைத்து, லேத்தில் கடைந்து, இடம்புரி வெட்ட மூன்று மணித்தியாலம் சென்றது. பழுது என்று ஒதுக்கிய நட் இப்போது வழுக்கிக்கொண்டு ஏறியது. கல்லைப் பூட்டி, நேர் முன்னால் நின்று, அவரே ஓர் உளியைத் தீட்டிக் காட்டினார். நட் அசையவில்லை.

அப்போது மோட்டார் சைக்கிள் தண்டு ஒன்றுடன் உள்ளே வந்தவர், "என்ன அண்ணை, சனிக்கிழமையும் மினைக்கெடுறியள்?" என்று கேட்டார்.

"உந்தக் கிறைண்டருக்கு இடப்பக்கம் இடம்புரி. கனபேருக்கு உது தெரியாது. தெரியாமல் வெட்டினால் ஆளைக் கொன்றுபோடும்," என்றார் குகதாசன். பிறகு கொலின்ஸிடம் திரும்பி, "என்ன தம்பி?"

"ஓம் அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி," என்றார் கொலின்ஸ்.

நான் ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு, இருவருமாக மெசினைத் தூக்கி ஏற்றினோம். நான் பக்கத்தில் ஏறி, "எடுங்கோ," என்றேன்.

"மச்சாள், நான் இன்னும் ஏறேல்லை!" கொலின்ஸ் வாசலுக்கு ஓடி வந்தார்.

"நீர் அண்ணையோடை இருந்து கதைச்சிட்டு ஆறுதலா வாரும்."