அவையின்ரை அழுகையும் எங்கடை மாதாவும்

ஸ்ட்ரெதம் சேர்ச்சிலை தமிழ்ப் பூசை முடிய, ஹோல் வாசல் மேசையிலை எங்கடை சஞ்சிகை முந்நூறு கொப்பி அடுக்கி இருந்தது. ஒன்பதாம் பக்கத்திலை என்ரை பேர். அம்பத்திரண்டு வயசிலை முதல்முதலா அச்சிலை வந்த பேர். நிண்டபடியே வாசிச்சன்.

சஞ்சிகைக்கு ஆசிரியராய் இருக்கிற ஜெராட் அண்ணையை மறிச்சன்.

"இது நான் எழுதினதில்லை."

"எழுத்துப்பிழை கொஞ்சம் திருத்தினனான், தம்பி."

நான் எழுதினது யூத ஞானிகளின்ரை பழைய எழுத்துகளைப் பற்றி. பஸ் ஓட்டுற ஷிப்ட் முடிய லைப்ரரியிலை இருந்து ரெண்டு வருசமா வாசிச்சது. தங்கடை சனத்தை நாட்டை விட்டுக் கலைச்சாப் பிறகு, கடவுளின்ரை பிரசன்னமே ஒரு பொம்பிளையாய் அவையோடை அழுதுகொண்டு அலையுது எண்டு எழுதி வைச்சவை. பிறகு ஸ்பெயினிலை இருந்து கலைபட்ட யூதர் அதைத் திருப்பி எடுத்து, இது எங்கடை கதை எண்டு வாசிச்சவை. அறையிலை தனிய இருந்து அதை எழுதேக்கை நானும் அழுதனான்.

ஜெராட் அண்ணை அந்தப் பொம்பிளையை, ஊரிலை நாங்கள் கும்பிடுற மடு மாதா ஆக்கிப்போட்டார். கடைசியிலை ஒரு வரி வேறை: 'யூதருக்கு விளங்காதது எங்களுக்கு விளங்கிற்று.'

"சனத்துக்கு விளங்க வேணுமெல்லே," எண்டார். "ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இத்தாலியிலை கிறிஸ்தவ அறிஞரும் இந்த எழுத்துகளுக்கு இப்பிடித்தான் விளக்கம் சொன்னவையாம். இன்ரநெற்றிலை பாத்தனான்."

"ஓம். அதைக் காட்டித்தான் யூதரை மதம் மாறச் சொன்னவை. அதையும் பாத்தனீங்களோ?"

"நீர் மட்டும் என்ன? 'எங்களை மாதிரி' எண்டு நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டதைக் கொண்டுவந்து செருகினனீர்."

அது சுட்டுது. செருகினனான்தான்.

"நான் அவைக்குப் பக்கத்திலை போய் இருந்தனான், அண்ணை. நீங்கள் அவையை எழுப்பிக் கலைச்சுப்போட்டு அந்தக் கதிரையிலை இருக்கிறியள்."

"ஒரு யூதனும் இதை வாசிக்கப் போறேல்லை. உமக்கு என்ன வந்தது? போய்த் தேத்தண்ணி குடியும்."

அவர் போயிட்டார். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பேனையாலை என்ரை பேரை வெட்டத் தொடங்கினன். ஒவ்வொரு கொப்பியா.

பிறேமினி அக்கா கொப்பி எடுக்க வந்தா. "பேர் வரேல்லை எண்டுதான் இஞ்சை சனம் சண்டை பிடிக்கிறது. நீர் வந்த பேரை வெட்டுறீர்?"

"கடைசி வரியை வாசியுங்கோ, அக்கா."

கண்ணாடியைப் போட்டு வாசிச்சா.

"நல்லாத்தானே கிடக்கு," எண்டா. வெட்டாத கொப்பியாய்ப் பாத்து ரெண்டு எடுத்துக்கொண்டு போனா.

நான் அடுத்ததை எடுத்தன்.