உரிமையாளர் பெயரை மாற்றவா?

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. சென்ற வருடம் என் கணினி பழுதானபோது அதைத் திருத்த வந்த பஸீஹா, சீடி ஓடி முடியக் காத்திருந்த அரைமணி நேரத்தில் சொன்னது. கட்டுகஸ்தோட்டையில் வீட்டிலிருந்தே கணினி திருத்துகிறவர் அவர். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சேர். பேர்கள மட்டும் மாத்திப் போடுங்க."

மாற்றியிருக்கிறேன். பஸீஹா என்பதும் அவருடைய பெயரல்ல.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'யுத்தம் கண்டி மலைகளை ஏறி வரவில்லை என்று நினைப்பவர்கள், சத்தியபாமாவின் வீட்டு மேசையில் இருந்த கணினியை'

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. குரல் பெரிதாகிவிட்டது. அழிக்காமல் விட்டதற்குக் காரணம், நான் எந்தப் பக்கம் சறுக்குகிறவன் என்று நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்பதுதான்.

இரண்டாவது தொடக்கத்தில், தேடுதலுக்கு வந்த இராணுவம் ஓடிக்கொண்டிருந்த கணினியின் வயரைப் பிடுங்குவதாக எழுதினேன். அதிலிருந்து சிஸ்டம் ஃபைல் பழுதாகிறது. பஸீஹாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இல்ல சேர். கரண்ட் போனது, அவ்வளவுதான். காலையில பத்து மணிக்கு."

ஆக, 2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது கணினி எழும்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி: இன்ன ஃபைல் காணவில்லை, அல்லது பழுதாகிவிட்டது.

3

சத்தியபாமா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் இருபது வருடமாக எழுதுவினைஞர். கணவர் அம்பிகைபாகன் நீர்ப்பாசனப் பகுதியில் படவரைஞர். பிள்ளைகள் இல்லை. 2006ஆம் ஆண்டு ஜூலையில், கிளிநொச்சியில் சுகமில்லாமல் இருந்த தன் தாயைப் பார்க்க அம்பிகைபாகன் ஒரு கிழமை லீவில் போனார். ஓகஸ்டில் யுத்தம் மூண்டு, வடக்கே போகும் பாதை பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு கடிதங்கள்தான் வந்தன. கடைசிக் கடிதம் 2008 டிசம்பரில்.

(இந்த இடத்தில் அவர்களின் காதலைப் பற்றி ஒரு பந்தி எழுதிப் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியாதென்று அதை வாசிக்கும்போதே தெரிந்தது. எடுத்துவிட்டேன்.)

பழுதான கணினியை சத்தியபாமா டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும் என்றார்கள். கணினியைத் தூக்கிக்கொண்டு த்ரீவீலரில் வீடு திரும்பினார். அலுவலகத்தில் கூட வேலை செய்யும் றம்லத் என்பவர்தான் பஸீஹாவின் நம்பரைக் கொடுத்தவர்.

4

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரைவு வரை பஸீஹா ஓர் ஆண். பெயர் ஹாஷிம். கணினி திருத்துகிறவர் என்றதும் என் கை தானாக ஆணை எழுதிவிட்டது. ஆனால் ஹாஷிம் வீட்டுக்குள் வந்ததும் சத்தியபாமா பேச்சை நிறுத்திவிட்டார். எத்தனை தரம் எழுதியும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு விறாந்தையில் போய் நின்றார். பஸீஹாவைத் திரும்பக் கூட்டிவந்த பிறகுதான் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

5

பஸீஹா சீடி போட்டு, பழுதான சிஸ்டம் ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு, கணினியை முதன்முதலில் அமைத்த நாளில் அது தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பழைய பிரதிகளை அந்த இடத்தில் போட்டார். கணினி எழும்பியது. ஆனால் அந்த முதல் நாளுக்குப் பிறகு நடந்ததெல்லாம் அதற்கு மறந்துபோயிருந்தது. அம்பிகைபாகன் என்ற பெயரில் ஒரு கணக்கு இருந்ததும் அதில் அடக்கம். அவருடைய ஃபோல்டர் அழியாமல் இருந்தது. அழுத்தினால், அனுமதி இல்லை என்றது.

"இது சின்ன விஷயம் அக்கா" என்றார் பஸீஹா. "அவர் பூட்டி வெச்சீக்கிறார். இதுட சொந்தக்காரர் நீங்கதான்னு மாத்திட்டாத் தொறந்திரும்."

ஒரு பெட்டி விரிந்தது. இப்போதைய உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நீண்ட இலக்கமும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும். கீழே, புதிய உரிமையாளர் என்ற இடத்தில், பஸீஹா சற்றுமுன் புதிதாகப் பதிந்த சத்தியபாமாவின் பெயர்.

"அவற்ற பேர் எங்க, பிள்ளை?"

"பேர் இதுக்கு மறந்துபோயிட்டு அக்கா. நம்பர் மட்டும்தான் ஈக்கிது."

சத்தியபாமா அந்த இலக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு ஒருமுறை வாசித்தார்.

"ஓகேயை அமத்தினாச் சரி" என்றார் பஸீஹா.

"அமத்த வேண்டாம்."

பஸீஹா திரும்பிப் பார்த்தார்.

"போன மாதம் கிராம சேவகர் வந்தவர். குடும்ப இடாப்பில அவற்ற பேரை வெட்டி, என்ர பேரைக் குடும்பத் தலைவராப் போடவோ எண்டு கேட்டவர். நல்ல மனிசன், மரியாதையாத்தான் கேட்டவர். நான் வேண்டாம் எண்டிட்டன். இப்ப என்ர வீட்டு மேசையில இருந்துகொண்டு இதுவும் அதையே கேக்குது."

"இது மெஷின்தானே, அக்கா."

"தெரியும். எண்டாலும் என்ர கையால அமத்த ஏலாது. உம்மட கையாலயும் வேண்டாம்."

பஸீஹா அந்தப் பெட்டியை மூடினார். கணினியை நிறுத்தினார். ரெண்டு நாள் தாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன செய்யப்போகிறார் என்று அப்போது தனக்கே தெரியாது என்றார் என்னிடம்.

6

புதன்கிழமை பின்னேரம் வேறொரு சீடியோடு வந்தார். கொழும்பில் படிக்கும் சிநேகிதி அனுப்பிவைத்தது. கணினிக்குள் இருப்பதை எழுப்பாமல், சீடியிலிருந்தே ஓடுகிற வேறொரு சிஸ்டம். அதற்கு இந்தப் பூட்டெல்லாம் தெரியாது. உரிமையாளர் யார் என்று கேட்காது, மாற்றச் சொல்லாது. உள்ளே இருப்பதை வாசித்துப் பிரதி எடுத்துத் தரும்.

"அது களவில்லையோ?"

"ஜன்னலால எட்டிப் பாக்கிற மாதிரி, அக்கா. கதவு அவருட பேர்லயே ஈக்கும்."

சத்தியபாமா யோசித்தார். பிறகு, "எடும்" என்றார்.

ஃபோல்டரில் கடிதங்கள் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன்; நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். இருந்தவை சில வரைபடங்களும் நாற்பத்துமூன்று ஒலிப்பதிவுகளும். பஸீஹா முதலாவதை ஓடவிட்டார். ஓர் ஆண் தொண்டையைச் செருமினார்.

"மகே நம அம்பிகைபாகன். மம இன்னே நுவர."

என் பெயர் அம்பிகைபாகன், நான் இருப்பது கண்டியில். பதவி உயர்வுக்குச் சிங்கள வாய்மொழிப் பரீட்சை பாஸாக வேண்டியிருந்ததாம். வெட்கத்தில் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாமல் பழகி, மைக்கில் பதிந்து, திரும்பக் கேட்டுத் திருத்தியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டுவிடாமல் பூட்டி வைத்ததும் அந்த வெட்கத்தால்தான். சத்தியபாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இன்னும் சில வாக்கியங்கள். நான் அலுவலகத்துக்குப் போகிறேன். பஸ் எத்தனை மணிக்கு. பிறகு, நான் வருகிறேன் என்பதற்கு "மம எனவா" என்று ஒருமுறை, இன்னொருமுறை. அப்புறம் தமிழில், உள்ளே பார்த்துக் கேட்பதுபோல:

"பாமா, 'வாறன்' எண்டதுக்கும் 'வருவன்' எண்டதுக்கும் சிங்களத்தில ஒரே சொல்லோ?"

தூரத்தில், குசினியிலிருந்து, இளமையான குரல்: "ஓம், ஒரே சொல்தான். தேத்தண்ணி ஆறுது."

பதிவு அங்கே முடிந்தது. நாற்பத்துமூன்றையும் சீடியில் எழுதி, அதே மாதிரி இன்னொன்றும் எழுதிக் கொடுத்துவிட்டு, பஸீஹா பஸ்ஸுக்குப் போனார்.

7

முடிவுகள்.

(அ) மே மாதம் யுத்தம் முடிய, வவுனியா அகதி முகாமொன்றிலிருந்து அம்பிகைபாகனின் தொலைபேசி வருகிறது. எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே நம்பாமல் அழித்தேன்.

(ஆ) முகாம்களின் பெயர்ப்பட்டியல்களை சத்தியபாமா ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். 'அ'வில் தொடங்கும் பெயர்களுக்கு வரும்போதெல்லாம்

இதையும் முடிக்க முடியவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று பஸீஹாவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"எனக்குத் தெரியும் சேர். சொல்ல மாட்டேன்."

"கதைக்கு ஒரு முடிவு வேணுமே, பஸீஹா."

"போடாதீங்க. அக்கா இன்னும் அதே வீட்டிலதான் ஈக்கிறா. புத்தகம் படிக்கிறவ. பேர மாத்தினாலும் அவவுக்கு வெளங்கும். அவட வாழ்க்கை எப்படி முடியுதுன்னு நீங்க எழுதி அவ படிக்கவா?"



ஆகவே நிறுத்துகிறேன். மற்ற வாசகர்கள் மன்னிக்கவேண்டும். கடைசி வரி ஒருவருக்கு மட்டும்தான். அக்கா, இது உங்கள் கையில் வந்து சேர்ந்தால், தவறாக எழுதிய இடங்களைப் பேனையால் வெட்டிவிடுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.