மூச்சுப் பங்கு

புதுப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை மேகனா பல்லால் கடித்துக் கிழித்தாள். பல் டாக்டர் செய்கிற காரியமா இது என்று பரத்வாஜ் கேட்டதற்கு, "நம்ம பல்லு, நம்ம இஷ்டம்" என்றாள். குவெம்புநகரில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் ஒரே சமயத்தில் குனிந்ததில் பரத்வாஜும் மனோஜ்குமாரும் தலையை இடித்துக்கொண்டார்கள். பிரதிபா மட்டும் புருஷன் ஸ்ரீவத்ஸனின் தோளுக்குப் பின்னால் நின்று, அந்தத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அட்டையில் அதே ஆறு, அதே படகு. படகில் இருந்த ஆட்களை மட்டும் மாற்றி வரைந்திருந்தார்கள்.

'ரிவர் ஆஃப் லாம்ப்ஸ்' என்பது காகிதத்தையும் பகடையையும் வைத்துக்கொண்டு வாயால் விளையாடுகிற விளையாட்டு. மேகனா கதையை நடத்துவாள். மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்கிப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், பகடை சரியாக விழாவிட்டால் செத்தும் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இதுதான். பழைய பதிப்பின் முதுகு பிய்ந்து டேப் ஒட்டியாகிவிட்டது. இப்போது வெளிநாட்டிலிருந்து அடுத்த பதிப்பு வந்திருக்கிறது, விதிகளெல்லாம் திருத்தி.

"என் பூசாரியைப் பாருங்க" என்று பரத்வாஜ் அலறினான். பாங்கில் வேலை, எதற்கெடுத்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். "தூரத்துல நின்னு மந்திரம் போட்டா காயம் ஆறும்னு இருந்தது. இப்ப கிட்ட போய் கட்டு கட்டணுமாம். பூசாரியைக் கம்பவுண்டர் ஆக்கிட்டான்!"

"என்ற ஆளுக்கு ரெண்டு கத்தி குடுத்திருக்கானுங்க" என்றான் மனோஜ்குமார். ஹனூர்ப் பக்கத்துப் பையன், இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். "எனக்கு இது போதும். புதுசே ஆடலாம்."

பிரதிபா கேட்டாள்: "மூச்சுப் பங்கு எந்தப் பக்கத்துல இருக்கு?"

மேகனா முன்னும் பின்னும் புரட்டினாள். "அது இல்லக்கா. தெகெதுபிட்டிதாரே. எடுத்துட்டாங்க. அந்த ரெண்டு பேர் பேசி முடிக்கறவரைக்கும் மத்தவங்க சும்மா உட்கார்ந்திருக்கணும்னு நிறைய கம்ப்ளெயிண்டாம். முன்னுரையிலேயே போட்டிருக்கான்."

மூச்சுப் பங்கு என்பது இவர்கள் வைத்த பெயர். இரண்டு பாத்திரங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டால் அவர்களுக்கு உயிர் பொது. ஒருவர் விழுந்தால் மற்றவர் தன் மூச்சில் பாதியைக் கொடுத்துத் தூக்கலாம். கொடுக்குமுன் இருவரும் காதோடு காதாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். முடிவானதும் விரல் முட்டியால் மேஜையில் இரண்டு தட்டு. அந்த மேஜையில் அப்படி ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது ஒரே ஜோடிதான். படகுக்குத் தலைவி, பிரதிபா. துடுப்புப் போடும் பையன் கிப், ஸ்ரீவத்ஸன்.

வீட்டில் அவர்களுக்குள் பேச்சே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேஸ் வந்துதா, வந்துது. மோட்டார் போட்டியா, போட்டேன். நஞ்சன்கூட்டிலேர்ந்து கம்பெனி பஸ் லேட்டா, லேட்டு. சண்டை என்று ஒன்று இருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று வரும். அதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'ஏன்னா' என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த வார்த்தை வாசல் கதவு மாதிரி, திறந்தாலும் மூடினாலும் ஒரே சத்தம்.

விளையாட ஆரம்பித்த புதிதில், படகு ஒரு பாறையில் மோதிய அவசரத்தில், "டேய், துடுப்பை விடாதேடா!" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் யாரைப் பார்த்துச் சொன்னோம் என்று உறைத்தது. காது சுட்டது. ஸ்ரீவத்ஸன் கண்ணைக்கூட இமைக்காமல், "சரிங்க கேப்டன்" என்றான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் 'டா', அவள் 'ங்க'.

கம்பெனியில் ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபட்ட வருஷம், அவன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு விஷயம் தெரிந்ததே பக்கத்து வீட்டம்மா கேட்டுத்தான். அந்த வாரம் இதே மேஜையில், மூச்சுப் பங்கு பேசுகிற சாக்கில், கிப் அவள் காதருகே குனிந்தான். "கேப்டன், இந்த ஆறு என்னை வேண்டாம்னு தள்ளிடுமோன்னு பயமா இருக்கு." அவன் மூச்சில் கிராம்பு வாசனை. எந்த ஆறு என்று அவள் கேட்கவில்லை. "தள்ளாதுடா. தள்ளினா நான் இருக்கேன்" என்றாள். இரண்டு தட்டு. அன்று ராத்திரி வீட்டில் மறுபடி கேஸ், மோட்டார்.

இப்போது மனோஜ்குமார் சத்தமாகச் சிரித்தான். "அப்ப இனிமே சாரை டேய்னு கூப்பிட முடியாதுங்களே அக்கா! சார், தப்பிச்சீங்க போங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீவத்ஸனும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தான். எல்லோரையும்விட நீளமாகச் சிரித்தது பிரதிபாதான். சிரித்து முடித்தபோது, அந்த விதி தனக்கு வேண்டும் என்று இனி எந்த வாயால் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேலியாகிவிட்ட ஒன்றை எடுத்து, இது எனக்கு நிஜம் என்று எப்படி மேஜையில் வைப்பது?

"ஓட்டுப் போட்டுடலாம்" என்றாள் மேகனா. மனோஜ்குமார் புதுசு, பரத்வாஜ் பழசு. "சார், நீங்க?"

ஸ்ரீவத்ஸன் உள்ளங்கையில் பகடையை உருட்டிக்கொண்டிருந்தான். "எனக்கு எதுவானாலும் சரி."

"அக்கா?"

பிரதிபா அவன் கையையே பார்த்தாள். அவன் நிமிரவில்லை. "எனக்கும் எதுவானாலும் சரிதான்."

"அக்கா, நீங்களுமா!" என்று பரத்வாஜ் தலையில் அடித்துக்கொண்டான்.

"சரி, சும்னே ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம். பிடிக்கலைன்னா பழசுக்கே போயிடலாம், அல்லவா?" என்றாள் மேகனா. போக மாட்டார்கள். வந்தது வந்ததுதான்.

புது விதியில் எல்லாம் மடமடவென்று நடந்தது. ஆற்றில் வெள்ளம். படகு சாய்ந்தது. ஸ்ரீவத்ஸன் உருட்டிய பகடை சரியில்லை, கிப் தண்ணீருக்குள் போய்விட்டான். பிரதிபாவின் விரல் முட்டி தானாக மேஜையில் இரண்டு தட்டுத் தட்டியது.

"அக்கா, அது இப்ப இல்ல" என்றாள் மேகனா மெதுவாக. "தண்ணிக்குள்ள இருக்கறவர் தனியாத்தான் உருட்டணும்."

அவன் தனியாக உருட்டினான். மறுபடி உருட்டினான். அவள் முறை வரவில்லை. கையைக் காபி டம்ளர் மேல் வைத்துக்கொண்டு, ஒரு பகடை நிற்பதையும் இன்னொன்று மேஜை விளிம்புவரை போய்த் திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காபியில் ஆடை படிவதற்குள் கிப் முடிந்துபோனான்.

"கடைசியா ஏதாவது சொல்றீங்களா சார்?"

ஸ்ரீவத்ஸன் வாயைத் திறந்தான். பிரதிபா பக்கம் திரும்பினான். அப்புறம், "முழுகறவன் என்னத்தைப் பேசறது" என்றான். மறுபடி ஒரு சிரிப்பு.

"கவலையே வேண்டாம் சார், இதுல புது ஆள் ரெடி பண்றது சுலபமுங்க" என்று மனோஜ்குமார் காகிதத்தை நீட்டினான். இடைவேளைக்குள் ஸ்ரீவத்ஸன் ஒரு வில்லாளியை எழுதி முடித்துவிட்டான். காட்டில் ஒண்டியாகத் திரிகிறவன். மேகனா படித்துப் பார்த்து, "சொந்தம்னு ஒருத்தரும் வேண்டாமா?" என்றாள். "காலியாவே இருக்கட்டும்" என்றான் அவன்.

இருட்டுகிற நேரத்தில் ஸ்கூட்டரில் யாதவகிரிக்குத் திரும்பினார்கள். குக்கரஹள்ளி ஏரிக் காற்று சில்லென்று அடித்தது. அவன் முதுகு முன்னால், தலையில் ஹெல்மெட். இந்தச் சத்தத்தில் கேட்கவா போகிறது என்ற தைரியத்தில், பிரதிபா தன் ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள்.

"டேய்."

ஸ்கூட்டர் கொஞ்சம் வேகம் குறைந்தது. தலையைப் பாதி திருப்பி, "என்னது?" என்றான்.

அவள் இப்போது தலைவி இல்லை. அவளுக்குப் படகும் இல்லை, பையனும் இல்லை.

"ஒண்ணுமில்லேன்னா. பால் வாங்கணும்."

நந்தினி பால் பூத் அருகே நிறுத்தினான். அவள் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூத்தில் கூட்டம். அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகர மேடையில் ஒரு கையை ஊன்றி நின்றான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை மடங்கியது. விரல் முட்டி தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டியது.

"பந்தே சார், பந்தே, இரி" என்று, இதோ வருகிறேன் இருங்கள் என்கிற மாதிரி உள்ளேயிருந்து கடைக்காரர் சலித்துக்கொண்டார்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிரதிபாவின் விரல்கள் தாமாகவே மடங்கி ஸ்கூட்டர் சீட்டின் மேல் நின்றன. அது ஸ்பாஞ்சு. தட்டினாலும் சத்தம் வராது.