பதினொன்றரை அங்குல மேடை

அலுவலகத்தில் அவருக்கு 'விதிமுறை' என்று பட்டப்பெயர். கட்டட அனுமதிப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, ஊரார் கோப்புகளில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய மனிதர். குளியலறை ஜன்னல் இரண்டு விரல் சின்னதாக இருந்தால் போதும், வீட்டுக்காரன் ஆறு மாதம் அலைவான். ஓய்வு பெற்ற பிறகு குறை சொல்ல மனைவி ஒருத்திதான் மிச்சம். அந்த அம்மாளோ அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை.

அவளுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். சமையலறைக் கதவைத் திறந்து மூன்று படி இறங்கினால் தோட்டம். அந்த மூன்று படியைத்தான் இறங்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து பாதி ஆளாகிவிட்டாள்.

"மேல வெயில் பட்டு மூணு மாசம் ஆச்சுங்க," என்று அவள் ஒருநாள் சொன்னபோது விதிமுறைக்கே நெஞ்சு கனத்தது.

"மேடை போட்டுடறேன். கதவைத் திறந்து நேரா நடந்து போ," என்று வாக்குக் கொடுத்தார்.

தச்சர் வந்தார். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. கறையான் அரிக்காது, பெயின்ட் அடிக்க வேண்டாம். "கதவுக்குச் சமமா ஏத்திடலாம் சார். இருபத்திரண்டு அங்குலம் வரும்," என்றார்.

"பன்னிரண்டைத் தாண்டினா அனுமதி வாங்கணும்யா."

"வாங்கிட்டாப் போச்சு. உங்க ஆபீஸ்தானே?"

அங்கேதான் வந்தது வினை. அந்த நாற்காலியில் இப்போது இருப்பது அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண். அவளிடம் போய் மனுவை நீட்டுவதா? இவர் ஊராருக்குச் செய்ததை அவள் இவருக்குச் செய்துவிட்டால் மானம் என்ன ஆவது?

"பன்னிரண்டுக்குள்ள முடி. வீட்டுச் சுவரைத் தொடாம தனியா நிக்கட்டும். அப்புறம் எவனும் கேள்வி கேக்க முடியாது," என்றார்.

"சார், அம்மாவால ஏறி இறங்க..."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

வேலையைப் பார்த்தார், சும்மா சொல்லக் கூடாது. புல்லைச் சுரண்டி ஜல்லி பரப்பி, கான்கிரீட் கட்டை ஒவ்வொன்றுக்கும் ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்தார். அடிச்சட்டங்களைப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக, நூல் பிசகாமல் போடவைத்தார். வெயிலில் பலகை நீளுமென்று இடைவெளி விட்டார். பழைய படிகள் இடத்தை அடைத்தன. அவற்றையும் உடைத்து அள்ளியாயிற்று. நாலாம் நாள் டேப்பை வைத்துப் பார்த்தால் பதினொன்றரை! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பூரிப்போடு சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? அந்தப் பெண்ணுக்கே போன் போட்டார். "வந்து அளந்து பாரும்மா. ஒரு குறை சொல்லு பார்ப்போம்."

மறுநாள் காலை அவள் வந்தாள். உயரத்தை அளந்தாள், குனிந்து சுவர்ச் சந்தில் விரலை விட்டுப் பார்த்தாள். "ஒரு குறையும் இல்ல சார்," என்றாள். விதிமுறை மேடை நடுவில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போது மனைவி கைத்தடியோடு கதவருகே வந்தாள். கதவிலிருந்து மேடைக்குப் பத்தரை அங்குலம். ஒரு காலை நீட்டினாள், எட்டவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"என்னங்க இது? முன்னாடி படியாவது இருந்துச்சு."

வந்தவள் கதவையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மாவுக்காகவா போட்டீங்க? அப்ப ஏன் சார் சமமா ஏத்தல?"

"அனுமதி..." என்று இழுத்தார் விதிமுறை.

"நடக்க முடியாதவங்களுக்குன்னா டாக்டர் சீட்டோட ஒரு மனு போதும் சார், அன்னைக்கே கையெழுத்து. நீங்க ரிட்டயர் ஆன அடுத்த வாரமே விதியை மாத்திட்டோம்."

விதிமுறைக்கு அவமானத்தில் காது சுட்டது.

"அந்த மனுவைக் கொண்டா தாயி," என்றாள் மனைவி. அந்தப் பெண் தன் காரிலிருந்து எடுத்து வந்த தாளைச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, தன் பேரை நிதானமாக எழுதினாள்.

"இவர் எங்கயாச்சும் கையெழுத்துப் போடணுமா?"

"வேண்டாம்மா."

"அப்ப இந்த மாசத்துக்குள்ள வெளிய வெயிலுக்குப் போயிடுவேன்," என்றாள்.