கிளறாத, ஆல்டோனா

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து திருட்டுத்தனமாகப் பார்த்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பென்சில்வேனிய மலைகளுக்கு அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உறங்கிய கரி...’

அவ்வளவு காலம் காத்திருந்த கரி இன்னும் ஒரு பத்தி காத்திருக்கட்டும். ஆல்டோனாவால் முடியாது. அவளுக்குக் குளிர்கிறது.

2

விவாகரத்தில் அவள் கேட்டு வாங்கியது ஒன்றுதான்: கணவன் விட்டாஸின் நூறு வயதான நிலக்கரிக் கணப்படுப்பு.* அவளுக்கு அதைப் பற்றவைக்கத் தெரியாது. அவனுக்கு அதன்மேல் உயிர். அந்தக் காரணமே அவளுக்குப் போதும். இனி அவன் கால் இந்த வீட்டுக்குள் படாது என்று பாதிரியார் முன்னால் சத்தியமும் செய்தாள்.

ஜனவரிப் பனிப்புயலில் மின்சாரம் போனது. கூடவே வீட்டின் எண்ணெய்க் கொதிகலனும் நின்றது. கணப்படுப்பை மூன்று முறை பற்றவைத்தாள். காகிதம் எரிந்தது, விறகு எரிந்தது, கரி மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளத்தது. வேறு வழியில்லாமல் விட்டாஸுக்குப் போன் செய்தாள்.

“போன்ல சொல்ல முடியாது. அடுப்பு மூச்சு விடுறது எனக்குக் கேக்கணும்” என்றான்.

வந்தான். ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்றான். அவள் ஜன்னலைத் திறந்தாள்.

(* அடுப்பு அவளுக்கு என்று நீதிமன்றம் சொன்னது. அடுப்பிடம் யாரும் கேட்கவில்லை.)

3

(அந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கணப்பு மூட்டுவார்களா என்று கேட்பீர்கள். நம்பும்படி மூன்று முறை மாற்றி எழுதினேன். நம்பும்படி ஆனபோது அவர்கள் இருவரும் அதில் இல்லை.)

“கீழ்க்கதவையும் புகைக்குழாய்த் தகட்டையும் திற. விறகு நல்லாப் பிடிச்சதும் ஒரு கை கரி போடு. ஒரே கை!”

“போட்டாச்சு.”

“இப்பக் கிளறினியா?”

“இல்ல.”

“கேட்டுச்சு! மேலேருந்து கிளறாத, ஆல்டோனா, செத்துடும்!”

“முப்பத்தோரு வருஷம் நீ சொன்னதக் கேட்டாச்சுய்யா. காது அடைச்சுப்போச்சு.”

திட்டியபடியே ஒரு கம்பளியை ஜன்னல் வழியே அவன்மேல் எறிந்தாள். அடுத்து நாற்காலி. பிறகு காலடியில் போட ஒரு விரிப்பு, முக்காலி, இன்னொரு நாற்காலி. அவன் கால் வீட்டுக்குள் படவில்லை. வீடுதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது.

4

“பிடிச்சிடுச்சு” என்று வெளியிலிருந்து அவன்தான் முதலில் சொன்னான். “நீலமா ஆடுதா?”

“ஆடுது.”

“எப்படி ஆடுது?”

அவள் வெகுநேரம் பார்த்தாள். “எனக்குச் சொல்லத் தெரியலய்யா.”

“சரி. கீழ்க்கதவப் பாதி மூடு. ஜன்னலயும் மூடு, சூடெல்லாம் வெளிய வருது.”

“மூடினா நீ?”

அவன் தொப்பியிலிருந்த பனியைத் தட்டினான். அப்போது அவன் முகம்... (இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். மாடியிலிருந்து முகம் தெரியவில்லை.)

5

அவள் கதவைத் திறந்தாள் என்று எழுதினேன். ஆல்டோனா படித்துவிட்டு அந்த வரியை அடித்தாள்: “சத்தியம்னா சத்தியம்.” அவன் கிளம்பிப் போனான் என்று எழுதினேன். விட்டாஸ் அடித்தான்.

பார்த்ததைச் சொல்கிறேன். அறுபத்து மூன்று வயது ஆல்டோனா, இரண்டு கோட்டுகளோடு, திட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே இறங்கினாள். காலியான நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காலியான வீட்டுக்குள் நீலமாக எரிவதை இருவரும் பனியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஜன்னல் திறந்தே இருக்கிறது. மூட எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் மூடிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து என்று நான் கேட்கமாட்டேன்.