இரட்டைச் சடை

"பதினொண்ணு, பன்னெண்டு, டேய் உக்காரு, பதிமூணு." நான்காம் நம்பர் பள்ளிக்கூடப் பஸ்ஸின் உதவியாளர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு பின்னால் போனாள். நீலக் கோட்டு, கழுத்தில் விசில், கையில் பெயர்ப் பட்டியல், இடுப்பில் செருகிய வாந்திப் பைகள். பிள்ளைகளுக்கு அவள் பஸ் ஆன்ட்டி. ஏழாவது நிறுத்தத்தில் ஏறுகிற ஒருத்திக்கு மட்டும் அம்மா. அதைப் பற்றி இரண்டு பேருமே வெளியே மூச்சு விடுவதில்லை.

ஏழாவது நிறுத்தத்தில் அடுக்குமாடிக் காவலாளி குழந்தையைத் தூக்கி ஏற்றிவிட்டார். அப்பா டைல்ஸ் கடை முதலாளி. அவருக்குப் பொழுது விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வேலைக்காரம்மா முடியை அள்ளி ஒரு ரப்பர் பேண்டில் அடக்கி அனுப்பியிருந்தாள்.

"குட் மார்னிங் ஆன்ட்டி," என்றாள் மகள், எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு கடைசி சீட்டில் உட்கார்ந்து திரும்பி முதுகைக் காட்டினாள்.

அங்கிருந்து பள்ளிக்கூடம் பதினெட்டு நிமிடம். அம்மா கோட்டுப் பையிலிருந்து சீப்பை எடுத்து வகிடு பிரித்தாள்.

"வலிக்குதும்மா."

"ஆன்ட்டின்னு சொல்லு. இவ்வளவு சிக்கை வச்சுக்கிட்டு வலிக்காம என்ன செய்யும்?"

விவாகரத்துத் தீர்ப்பில் குழந்தை அப்பாவிடம் போனது. அவருக்குச் சொந்த வீடு, நிலையான வருமானம். அவளுக்கு மகளிர் விடுதியில் ஒரு கட்டில். அந்தக் கடையில் ஆறு வருடம் அவள் சம்பளமில்லாமல் நின்றது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை, கோர்ட்டின் குழந்தைகள் அறையில், பத்து முதல் பன்னிரண்டு வரை பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் அழைத்து வரவே இல்லை. காய்ச்சல் என்றார், கல்யாணம் என்றார், பரீட்சை என்றார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரீட்சையாம். வக்கீலம்மா மனு போட்டாள். நான்கு மாதம் தள்ளித் தேதி கிடைத்தது. அதுவரை பொறுக்க முடியாமல்தான் இந்த வேலையைத் தேடிப் பிடித்தாள்.

காட்டிக்கொடுத்தது சடை. ஒருநாள் மாலை சீக்கிரம் வீடு திரும்பிய அப்பா, மகளின் தலையில் நெருக்கிப் பின்னிய இரட்டைச் சடையைப் பார்த்தார். அந்தப் பின்னல் யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? மறுநாள் காலை நிறுத்தத்தில் அவரே நின்றார். பஸ் கதவு திறந்ததும் போனில் அவளைப் படம் எடுத்தார்.

பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளர் மத்தியானமே கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் தீர்ப்பின் நகல் கிடந்தது. ஒரு வரிக்கு மஞ்சள் அடித்திருந்தது.

"ஏம்மா மறைச்சே? நோட்டீஸ் அனுப்புவேன்னு குதிக்கிறாரு பொண்ணோட அப்பா."

"மறைக்கல சார். யாரும் கேக்கல."

"ரெண்டு சனிக்கிழமைதான் பாக்கலாம்னு போட்டிருக்கு. நீ தினம் ரெண்டு வேளை பாத்துக்கிட்டிருக்கே."

"அவர் கூட்டிட்டு வரணும்னும் அதே வரியில போட்டிருக்கு சார். ஒன்பது சனிக்கிழமை போய்ச் சும்மா உக்காந்துட்டு வந்தேன். அந்தப் பாதிக்கு மட்டும் மஞ்சள் அடிக்கல பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். மஞ்சள் அந்த வரியின் பாதியிலேயே நின்றிருந்தது.

"அது உங்க குடும்ப விவகாரம். நாளையிலேர்ந்து நீ ஒன்பதாம் நம்பர் பஸ்."

"நான் என்ன தப்பு சார் பண்ணேன்? தலை சீவிவிட்டேன்."

"வேலை வேணுமா, வேணாமா?"

வேண்டும். வேலையில்லாதவள் என்றால் அடுத்த விசாரணையில் அதற்கும் மஞ்சள் அடிப்பார்கள். நீட்டிய தாளில் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். பேனா முனை தாளைக் கிழித்தது.

வெளியே நான்காம் நம்பர் டிரைவர் காத்திருந்தார். "சீப்பக் குடும்மா. சிக்னல்ல நிக்கிறப்ப நான் பின்னிவிடுறேன்."

"உங்களுக்கு கியரே ஒழுங்கா விழாதுண்ணே," என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள், முடியவில்லை.

சனிக்கிழமை குழந்தைகள் அறையில் பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தாள். குமாஸ்தா தலை நிமிராமல் பதிவேட்டில் எழுதினார்: தாய் ஆஜர். குழந்தை அழைத்து வரப்படவில்லை. பத்தாவது முறை.

திங்கள்கிழமை பள்ளி வளாகத்தில் ஒன்பதாம் நம்பர் பஸ் பிள்ளைகளை இறக்கி வரிசையில் நிறுத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான்காம் நம்பர் வந்து நின்றது. புது உதவியாளர் ஒவ்வொருவராக இறக்கினாள். ஏழாவது நிறுத்தத்துப் பையைத்தான் அம்மாவுக்கு முதலில் அடையாளம் தெரிந்தது, பிள்ளையை அல்ல. பிடரி தெரிய முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். காதுகள் தனியாகத் தெரிந்தன.

வாசலிலிருந்து பொறுப்பாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வரிசையைவிட்டு நகரவில்லை. கோட்டுப் பைக்குள் கை சீப்பை இறுக்க, பற்கள் உள்ளங்கையில் குத்தின.

மகளும் பார்த்துவிட்டாள். அம்மா என்றும் கூப்பிடவில்லை, ஆன்ட்டி என்றும் கூப்பிடவில்லை. நின்ற இடத்திலேயே, தினமும் கடைசி சீட்டில் செய்வது போல, திரும்பி முதுகைக் காட்டி நின்றாள்.